சத்தம் முடியட்டும் என்று

குவோபியோ,
ஜனவரி 14

அன்புள்ள ஓஸ்மோ மாமாவுக்கு,

கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக்குக் கடிதம் வந்தால் யாரோ இறந்திருப்பார்கள், இல்லையென்றால் வரி அலுவலகமாக இருக்கும். உறையைப் பிரிப்பதற்கு முன் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள் என்று தெரியும். எழுந்துகொள்ளலாம். எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். இங்கே ஆஸ்பத்திரியில் உங்கள் பெண் சாய்மிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. நேற்று ஒரு கிண்ணம் கஞ்சி சாப்பிட்டாள். இர்மெலி அத்தை அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார், நலம். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது?

போனில் சொல்லலாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை அழைத்தேன். "ஹெல்கா பேசறேன் மாமா" என்றேன். நீங்கள் "ம்" என்றீர்கள். அதன் பிறகு நாலு நிமிஷம் இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். எழுத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு.

நம் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என்று அம்மா என்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்னாள். அதாவது இரண்டு பேரிடம். நான் என்ன படித்தேன் என்று இருவரும் கேட்கவில்லை. காதைப் பற்றிப் படித்தேன். ஆறு மாதமாக இந்த ஆஸ்பத்திரியின் காதுப் பரிசோதனைப் பிரிவில் வேலை. சாய்மியின் பெயர் எங்கள் பட்டியலில் வந்திருக்கிறது.

பயப்பட வேண்டாம். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும்போது உடம்பில் எதிர்ப்பு சக்தி விழுந்துவிடுகிறது. கிருமி சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு ஏற்றும் கடுமையான மருந்துகளில் சில உயிரைக் காப்பாற்றும், ஆனால் காதைக் கெடுக்கும். சாய்மிக்கு அக்டோபரில் ஒரு தடவை, கிறிஸ்துமஸில் ஒரு தடவை ஏற்றியிருக்கிறார்கள். அதனால் காதைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஒரு படிவம் உண்டு. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா என்று அத்தையிடம் கேட்டேன். அத்தை யோசித்தார். காபி ஆறியது. "எதுக்குக் கூப்பிடணும்?" என்றார். மேலே எப்படிப் போவது என்று தெரியாமல் உங்களுக்கும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்புங்கள். முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஹெல்கா


ஹோய்க்கா,
ஜனவரி 30

ஹெல்கா,

கடிதம் வந்தது. நலம். முதுகு இருக்கிறது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.

கூப்பிடுவதில்லை. சாப்பாட்டு நேரம் அவளுக்குத் தெரியும். திரும்பச் சொல்லச் சொல்கிறாளா என்ற கேள்வி புரியவில்லை. இங்கே யாரும் எதையும் இரண்டு தடவை சொல்வதில்லை. டிவி சத்தமாக வைக்கிறாளா என்று ஒன்று. வானிலைக்கு மட்டும் போடுவோம். அது படத்தைப் பார்த்தாலே தெரியும்.

முன்பு நிறையக் கேள்வி கேட்பாள். அக்டோபருக்குப் பிறகு வீட்டுக்கு வந்தபோதெல்லாம் கேட்கவில்லை. அடக்கம் வந்துவிட்டது. வளர்கிறாள் என்று நானும் இர்மெலியும் சந்தோஷப்பட்டோம்.

மாடுகள் நலம்.

ஓஸ்மோ


குவோபியோ,
பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் மாடுகளும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. நானும் நலம். "அடக்கம் வந்துவிட்டது" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பல தடவை படித்தேன். அப்புறம் எங்கள் தலைவி ரைலியிடம் போய்ப் பரிசோதனையை முன்கூட்டியே வைக்கச் சொன்னேன். நான் ரைலியிடம் கேட்ட முதல் காரியம் அதுதான்.

ரைலி வாயாடிகளுக்குப் பேர்போன சவோ பக்கத்துக்காரி. இருபது வருட அனுபவம். கதவிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் தன் நாத்தனார் சமையலறையை இடித்துக் கட்டிய கதையை முடித்துவிடுவார். நல்ல மனுஷி. அவருக்கு ஒன்றே ஒன்று தாங்காது, அது யாரும் பேசாமல் இருப்பது.

நேற்று சாய்மியைச் சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்துத் தலையில் ஹெட்போன் மாட்டினோம். காதில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை. ரைலி சத்தம் அனுப்பினார். சாய்மி போடவில்லை. பெரிதாக்கினார். போடவில்லை. சம்பந்தமில்லாத நேரத்தில் ஒரு கட்டை விழுந்தது. கடைசியில் ரைலி, "ரெண்டு காதும் ரொம்ப மோசம்" என்று எழுதினார்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அதில் எதுவோ சரியில்லை என்று தோன்றியது. இருபது வருட அனுபவத்திடம் ஆறு மாதக்காரி என்ன சொல்வது என்று வாயைத் திறக்கவில்லை. நானும் நம் குடும்பம்தானே.

அத்தை சாய்மிக்குக் கோட்டு மாட்டிவிட்டார். பொத்தான்களெல்லாம் ஒவ்வொன்று தள்ளித் தள்ளி மாட்டியிருந்தன. அப்படியே வார்டுக்குப் போனார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு பரிசோதனை இருக்கும்.

அன்புடன்,
ஹெல்கா


ஹோய்க்கா,
பிப்ரவரி 12

ஹெல்கா,

எவ்வளவு மோசம். தெரிந்ததை எழுது. தெரியாததையும் எழுது.

ஓஸ்மோ


குவோபியோ,
பிப்ரவரி 17

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் மூன்றாம் நாளே வந்துவிட்டது. தபால் வண்டி உங்கள் பக்கம் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும். டவுனுக்கு நீங்களே ஓட்டிப் போய்ப் போட்டிருக்கிறீர்கள். நலமா என்று கேட்கக்கூட இல்லை. நலம்தான். சாய்மியும் அத்தையும் நலம்.

செய்தி நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் நான் விரும்பிய அளவுக்கும் இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு காபி மிஷினுக்குப் பக்கத்தில் ரைலிக்காகக் காத்திருந்தேன். வந்ததும், நான் ஒரு தடவை சாய்மியைப் பரிசோதித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாரேன் கண்ணு. ஆறு மாசமா மூலையில ஒரு செடி வச்சிருக்கோம்னு நெனச்சேன். பேசுதே."

மறுநாள் நான் சத்தம் அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். ஆறு வந்தபோது சாய்மி கட்டையை எடுத்து மெதுவாக டப்பாவில் போட்டாள். அடுத்த சத்தம். மறுபடியும் ஆறு. அடுத்ததற்கும் ஆறு. பக்கத்தில் ரைலி நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். "எப்படிம்மா சும்மாவே உக்காந்திருக்க? எனக்கு மூச்சு முட்டுது" என்றார்.

அறைக்குள் போய்ச் சாய்மிக்கு முன்னால் மண்டியிட்டு, சத்தம் கேட்டதும் ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"அது முடிக்கட்டும்னு இருந்தேன்" என்றாள். "முடிச்ச உடனே எடுத்துப் போட்டா நல்லா இருக்காதுல்ல. அன்னிக்கு ரைலி அத்தை இடைவெளி விடவே இல்ல. நடுவுல புகுந்து எப்படிப் போடறது?"

மாமா, நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒருவர் பேசி முடித்தால் அடுத்தவர் எவ்வளவு நேரம் விட்டுப் பேச வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஏழு வயதுப் பெண் ஒரு இயந்திரத்துக்கும் அந்த மரியாதையைக் கொடுத்திருக்கிறாள். ரைலியின் பரிசோதனை அந்த மரியாதையைச் செவிடு என்று எழுதிவிட்டது.

அது நல்ல செய்தி. மற்றதும் இருக்கிறது. நான் நிதானமாக அனுப்பிய சத்தங்களில் கனத்த சத்தம் எல்லாம் அவளுக்குச் சரியாகக் கேட்கிறது. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் வந்தபோது ஆறு வரை எண்ணினேன், பத்து வரை எண்ணினேன், இருபது வரை எண்ணினேன். கட்டை விழவில்லை. அந்தச் சத்தங்கள் அவளுக்குப் போய்விட்டன. ரைலி செய்த தப்பையே நாம் தலைகீழாகச் செய்திருக்கிறோம். அக்டோபரிலிருந்து அவளுக்குப் பாதி காது கேட்கவில்லை, நாம் அதை அடக்கம் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

போனது திரும்ப வராது. இன்னும் போகாமல் பார்க்கலாம். டாக்டர்கள் முடிந்தவரை வேறு மருந்து கொடுக்கப் போகிறார்கள். மாதம் ஒரு தடவை நான் பார்ப்பேன். இரண்டு காதுக்கும் கருவி வேண்டும்.

தெரியாததையும் எழுதச் சொன்னீர்கள். இனிமேல் இன்னும் குறையுமா என்று தெரியாது.

முதுகுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஹெல்கா


ஹோய்க்கா,
மார்ச் 12

ஹெல்கா,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். பனி கூரையிலிருந்து சரிகிறது.

கனத்த சத்தம் கேட்கிறது என்றால் போதும். இங்கே எல்லாம் கனத்த சத்தம்தான். டிராக்டர், மாடு, நான்.

கருவி வேண்டாம். அவள் உடம்பில் ஏற்கெனவே ஊசியும் குழாயும் போதுமான அளவு இருக்கிறது.

ஓஸ்மோ


குவோபியோ,
மார்ச் 21

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? உங்கள் கடிதத்துக்காக இருபத்தெட்டு நாள் காத்திருந்தேன். அந்த வரிக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று இன்னும் நாலு நாள். உங்களை எதிர்த்து எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பேச்சில் கனத்த சத்தம் மட்டும் கேட்டால், பக்கத்து அறையில் யாரோ பேசுவது போலத்தான் இருக்கும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன என்று தெரியாது. வார்த்தையின் ஓரங்களெல்லாம் கூர்மையான சத்தத்தில்தான் இருக்கின்றன.

நேற்று வார்டில் ஆஸ்பத்திரி டீச்சர் குழந்தைகளுக்கு ஒரு கதை படித்தார். பிடிவாதக்காரப் பன்றி ஒன்று படகில் ஏறிவிட்டு இறங்க மறுக்கும் கதை. எல்லாக் குழந்தைகளும் சிரித்தார்கள். சாய்மியும் சிரித்தாள். ஆனால் ஒரு நொடி கழித்து, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு. கதையில் பன்றி வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டபோது, "நல்ல கதை" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்டில் அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும். வகுப்பில் இருபது பேர் இருப்பார்கள். வருஷம் முழுக்க மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க முடியாது மாமா.

காதுக் கருவியில் ஊசி இல்லை. குழாய் இருக்கிறது, ஆனால் காதுக்கு வெளியே, புல் அளவு. வலிக்காது. பெற்றோர் இருவர் கையெழுத்தும் வேண்டும். அத்தை படிவத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய சொற்பொழிவு. உங்கள் இடம் காலியாக இருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஹெல்கா


குவோபியோ,
ஏப்ரல் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உறை வந்தது. உள்ளே கடிதம் இருக்கும் என்று இரண்டு தடவை உதறிப் பார்த்தேன். படிவம் மட்டும்தான். கையெழுத்து இருந்தது. கீழே "குறிப்புகள்" என்ற கட்டத்தில், "ரோஸ் நிறம் வேண்டாம். அவளுக்குப் பிடிக்காது" என்று எழுதியிருந்தீர்கள்.

எங்கள் பிரிவில் பெண் குழந்தைகளுக்கு யோசிக்காமல் ரோஸ் நிறத்தைத்தான் எடுத்து வைப்பார்கள். ஏற்கெனவே எடுத்து வைத்தும் விட்டார்கள். மாற்றச் சொல்லிவிட்டேன்.

நாங்கள் எல்லாரும் நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
ஹெல்கா


குவோபியோ,
ஜூன் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நாளைக்கு அத்தையும் சாய்மியும் பஸ் ஏறுகிறார்கள். இனி மாத்திரைதான். ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் அவ்வப்போது வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை உங்களிடம் போனில் சொன்னாராம். நீங்கள் "ம்" என்றீர்களாம். நல்ல "ம்" என்று அத்தை சொன்னார்.

கருவி பச்சை நிறம். நிறப் பலகையிலிருந்து சாய்மியே எடுத்தாள், நம் பழைய டிராக்டரின் பச்சை. மாட்டிவிட்டதும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு காகிதத்தைத் திருப்பினேன். சட்டென்று என் கையைப் பார்த்தாள். தன் சட்டைக் கையைத் தேய்த்துக் கேட்டாள். அந்த நேரம் பார்த்து ரைலி உள்ளே வந்து வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தார். வாழ்த்திலிருந்து தன் வீட்டுப் பூனைக்குப் போனார், பூனையிலிருந்து நாத்தனாருக்கு. சாய்மி கடைசி வரைக்கும் மரியாதையாகக் கேட்டாள். ரைலி போன பிறகு என் காதோரம் வந்து, "இவங்க எப்பவுமே இப்படித்தானா? எனக்குக் கேக்காததாலதான் புரியலன்னு நெனச்சேன். பேசறதே இவ்வளவா?" என்றாள்.

சில விதிகள் உண்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்க வேண்டும். குளிக்கும்போதும் சவுனாவின் நீராவியிலும் மட்டும் கழற்ற வேண்டும். மாட்டுக் கொட்டகைக்குள் சாய்மி போகக் கூடாது. வைக்கோல் தூசியும் பூஞ்சையும் அவள் உடம்புக்கு இன்னும் ஆகாது. கதவுக்கு வெளியே நிற்கலாம்.

உங்கள் முதுகுக்கும் ஒரு மருந்து அத்தையிடம் கொடுத்து விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஹெல்கா


ஹோய்க்கா,
ஜூலை 8

ஹெல்கா,

நலம். மருந்து நாற்றம். புல் அறுத்தாகிவிட்டது.

கேள்விகள் திரும்பி வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாற்பத்தொன்று. மாடு நின்றுகொண்டு தூங்குமா. மேகம் எவ்வளவு கனம். நான் ஏன் ஓஸ்மோ. சவுனாவில் கருவி போடக் கூடாது என்று நீ எழுதியதிலிருந்து இர்மெலி தினமும் சவுனாவில் உட்கார்ந்துகொள்கிறாள்.

இது சாதாரணமா. எப்போது நிற்கும்.

ஓஸ்மோ


குவோபியோ,
ஆகஸ்ட் 5

அன்புள்ள மாமாவுக்கு,

சாதாரணம்தான். நிற்காமல் இருக்க வேண்டும் என்றுதான் நானும் ரைலியும் வேண்டிக்கொள்கிறோம். உங்கள் முதுகு தேவலாமா? சாய்மி நேற்று பரிசோதனைக்கு வந்தாள். ரத்தம் நன்றாக இருக்கிறது, எடை ஏறியிருக்கிறது. காது ஏப்ரலில் இருந்த அதே அளவில் நிற்கிறது. இன்னும் குறையவில்லை. இதை நான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று. அந்தக் கருவிக்குள் ஒரு சின்னப் பதிவு உண்டு. உளவு இல்லை, யார் என்ன சொன்னார்கள் என்று அதற்குத் தெரியாது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் காதில் இருந்தது, அதில் பேச்சு எவ்வளவு, வெறும் சத்தம் எவ்வளவு, அமைதி எவ்வளவு என்று மட்டும் காட்டும். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். தினமும் பதின்மூன்று மணி நேரம். ரைலி மகிழ்ந்துபோனார். அடுத்த வரிக்கு வந்தார். பேச்சு, நூற்றுக்கு மூன்று. மீதி முக்கால்வாசி அமைதி.

"மிஷின் ரிப்பேர்" என்றார் ரைலி. பிறகு அத்தை பக்கம் திரும்பி, கருவியை ஆன் செய்து அலமாரிக்குள் வைத்துவிட்டீர்களா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டார்.

அத்தை கைப்பையை மூடினார். "அலமாரியில வைக்கல" என்றார். "எங்க வீடு அப்படித்தான்."

ரைலி எழுந்து போய் அத்தைக்கு ஒரு காபி கொண்டுவந்து வைத்தார். அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை.

மாமா, நாற்பத்தொரு கேள்வி என்று எழுதினீர்கள். பதில் எத்தனை என்று எழுதவில்லை. கருவி சத்தத்தைக் காது வரைக்கும்தான் கொண்டுபோகும். அதைப் பேச்சாகப் புரிந்துகொள்ளத் தலை பழக வேண்டும். பழகுவதற்கு அவளைச் சுற்றிப் பேச்சு இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது. அன்றைக்கு இருபது பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

அத்தை மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது நானும் சாய்மியும் மட்டும் இருந்தோம். வீட்டில் யாருமே பேசுவதில்லையா என்று கேட்டேன். ஆறு எண்ணும் நேரம் யோசித்தாள்.

"அப்பா பேசுவாரே" என்றாள். "கறக்கும்போது. ஹெலுனாகிட்ட."

முன்பெல்லாம் அது பால் மிஷினோடு சேர்ந்த ஏதோ முனகல் என்று நினைத்தாளாம். கருவி போட்ட பிறகுதான் அது வார்த்தை என்று தெரிந்ததாம். விதிப்படி கதவுக்கு வெளியேதான் நிற்கிறாளாம், காலையிலும் சாயங்காலமும். என்ன சொல்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். உங்கள் குரலிலேயே, மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு.

"போன வருஷம் டாக்டர் சொன்ன அன்னிக்கு உன்னக் கறக்க மறந்துட்டேன். உனக்கு மடி கட்டிப் போச்சு. எனக்குக் கை ஓடல."

அப்புறம் இன்னொன்று.

"முடி திரும்ப வளருது அவளுக்கு. வேற நிறம். நல்லாத்தான் இருக்கு. சொல்லலாம்னு பாத்தேன். எப்படின்னு தெரியல."

சொல்லி முடித்துவிட்டுத் தன் தலையைத் தடவிக்கொண்டாள். ஹெலுனா என்ன பதில் சொன்னது என்று நான் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம், மென்றுகொண்டிருந்ததாம்.

அவள் கேட்டுவிட்டாள் என்று உங்களுக்கு எழுதலாமா என்று ராத்திரி வரை யோசித்தேன். கோபப்பட்டால் என்மேல் படுங்கள், அவள்மேல் வேண்டாம். அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள். புது வைக்கோல் இறக்கும்போது முதுகை வளைக்காமல் ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஹெல்கா

கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனித் தைரியமாகக் கேட்கலாம். ஜனவரியில் முதல் கடிதம் எழுதும்போது எனக்கு இப்படி ஒன்று கேட்கத் தெரிந்திருக்கவில்லை. நேற்றிலிருந்து தெரியும், கேட்க வாய் வரவில்லை. கையெழுத்து வேண்டாம், படிவமும் இல்லை. இது கிடைத்த அன்று சாயங்காலம் கறந்து முடித்ததும் வெளியே வந்து, ஹெலுனாவிடம் சொன்னதில் பாதியைச் சாய்மியிடம் சொல்லுங்கள் மாமா. முடியைப் பற்றியதிலிருந்து ஆரம்பியுங்கள்.